எஸ்ஸின் தலையில் ஒரு புள்ளி

டீச்சர் யாரையும் நம்பாதவர் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். எல்லோரையும் ஒரே அளவாக நம்பாதவர் என்பதே சரி. அந்த விஷயத்தில் அவரிடம் பாரபட்சம் கிடையாது. தையல்காரர் அளவெடுத்து முடித்ததும் அந்த நாடாவைக் கேட்டு வாங்கித் தன் கைச் சாணால் ஒருமுறை சரிபார்ப்பார். பழக்கடையில் தராசின் முள்ளைப் பார்க்க மாட்டார். தட்டுக்குப் பக்கத்தில் கடைக்காரரின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். கல்யாணமான புதிதில் கணவர், "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "எதுக்கு இப்போ திடீர்னு இதைச் சொல்றீங்க?" என்று கேட்டவர். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் பார்வையை நாளெல்லாம் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மிச்ச நேரம் தான் சோதிக்கப்படுவது அவருக்குப் பழகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு 'சந்தேகம் டீச்சர்' என்று பெயர். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள்தான் கையைத் தூக்கி, "ஒரு சந்தேகம்" என்பார்கள். இவர் வகுப்பில் சந்தேகம் கரும்பலகைப் பக்கத்திலிருந்து வரும்.

இங்கிலீஷ்தான் அவர் பாடம். அதிலும் அவர் மனசுக்குப் பிடித்த பகுதி ஒன்றே ஒன்று: எது யாருடையது என்று காட்டும் பகுதி. தமிழில் 'அக்கா வீடு' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடலாம். நடுவில் எந்தக் குறியும் வேண்டாம், கேட்கிறவர் புரிந்துகொள்வார் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் டீச்சருக்கு ஆகாது. இங்கிலீஷ்காரர்கள் அவர் கட்சி. சொந்தம் என்று வந்துவிட்டால் எஸ் என்ற எழுத்தைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் உயரே அப்பாஸ்ட்ரஃபி என்ற குட்டிக் குறியையும் தொங்கவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நர்ஸின் அறை என்றால் குறி எஸ்ஸுக்கு முன்னால். பல நர்ஸ்கள் சேர்ந்து புழங்கும் அறை என்றால் எஸ்ஸுக்குப் பின்னால். உள்ளே இருப்பது ஒருவரா பலரா என்று கதவைத் தட்டாமலே தெரிந்துகொள்ளலாம். சில்ட்ரன், மென் போன்ற சில சொற்கள் எஸ்ஸின் தயவில்லாமலே பன்மையாகிவிடுகின்றன. அவற்றுக்கு எத்தனை பேரானாலும் குறி முன்னால்தான். "விதிவிலக்குல கவனம்! அந்தச் சந்துலதான் ஆள் நுழைவான்" என்று வகுப்பில் எச்சரிப்பார், ஏதோ திருடனைப் பற்றிப் பேசுவதுபோல.

இப்படிப்பட்டவரைத் தேர்வுத்துறை விடைத்தாள் திருத்தக் கூப்பிட்டதில் ஆச்சரியமில்லை. விடுமுறையில் ஒரு பள்ளியின் விளையாட்டுக்கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேஜைகளைப் போட்டுத் திருத்துவார்கள். அந்த முறை வந்தவை ஆஸ்பத்திரி ஊழியர்களின் தாள்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், சலவைப் பிரிவில் இருப்பவர்கள், வார்டில் நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவர்கள், இவர்களெல்லாம் மேஜை வேலைக்கு மாற வேண்டுமானால் இந்த இங்கிலீஷ் தேர்வில் தேற வேண்டும். தாள்களில் பெயர் இருக்காது, எண்தான்.

சொந்தத்தைக் காட்டும் குறியை உரிய இடத்தில் இடுக என்று ஒரு கேள்வி. டீச்சர் சிவப்புப் பேனாவோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் தாளில் குறி எஸ்ஸுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நேர் மேலே, நட்டநடுத் தலையில், ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. தப்பு போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அதிலும் தலைமேல் ஈ. அடுத்ததில் சரியாக இருந்தது. அதற்கடுத்ததில் மறுபடி ஈ. கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில், அளவெடுத்தாற்போல் வைத்திருந்தார்கள்.

டீச்சருக்கு மூக்கில் வியர்த்தது. ஒருவர் தவறினால் அறியாமை. இருவர் ஒரே மாதிரித் தவறினால் பக்கத்து நாற்காலி. இத்தனை பேர் என்றால் அதற்குப் பின்னால் ஒரு மூளை இருக்கிறது. என்ன மூளை! முன்னால் வைத்தால் ஒருமை, பின்னால் வைத்தால் பன்மை, ஏதோ ஒன்றில் மாட்டிக்கொள்வோம். நடுவில் வைத்துவிட்டால் திருத்துகிறவர் தனக்குப் பிடித்த பக்கம் படித்துக்கொண்டு மதிப்பெண்ணைப் போட்டுவிடுவார். யாரோ உட்கார்ந்து யோசித்து, ஒரு கூட்டத்துக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார். கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது டீச்சருக்கு.

தாள்களை அள்ளிக்கொண்டு தலைமைத் திருத்துநரிடம் போனார். அவர் பேச்சில் சிக்கனமானவர்; சிரிப்பில் அதைவிடச் சிக்கனம்.

"சார், இதைப் பாருங்க. குறி எங்க இருக்கு?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முன்னாடி... இல்ல, பின்னாடி. இருங்க..."

"அதான் சார். நீங்களே தடுமாறுறீங்க. தடுமாறட்டும்னுதான் வெச்சிருக்காங்க."

"எத்தனை பேரு?"

"பாதிக் கட்டுக்கு மேல. எல்லாம் ஒரே மையம்."

"கூட்டுக் காப்பின்னு நினைச்சா எழுத்துல குடுங்க டீச்சர். வெள்ளிக்கிழமை கட்டு மூடிடுவேன், அதுக்குள்ள. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. நீங்க எழுதிட்டா அத்தனை பேருக்கும் ரெண்டு வருஷம் தடை. இதுக்குத் தனியா விசாரணையெல்லாம் இல்ல. உங்க வார்த்தைதான்."

இத்தனை நாளில் டீச்சரின் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ததில்லை. அவருக்கே அது சரியாகப் படவில்லை. இன்னும் கொஞ்சம் ஆதாரம் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம் பொதுவாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்காரங்க எழுதினதா? நம்ம தம்பி கிளாஸ்லேர்ந்துகூட நிறையப் பேர் எழுதினாங்களே" என்றார் கணவர்.

"எந்தத் தம்பி?"

"எனக்கு இருக்கிறதே ஒரு தம்பி."

"அவர் எப்போ இங்கிலீஷ் கிளாஸ் ஆரம்பிச்சாரு? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்து பார்ப்பேன்னு பயந்துட்டான்."

டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொழுந்தனாரைப் பற்றி அவருக்கு நெடுநாளாகவே ஒரு கணக்கு இருந்தது. முதலில் ஜெராக்ஸ் கடை வைத்தார். பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவருக்கே பின்பக்கமாக எடுக்க வராது. அப்புறம் மீன்தொட்டி வியாபாரம். எதிலும் நிலைக்காதவர் எப்போதும் சிரித்த முகமாக இருந்தால், நிச்சயம் எங்கோ ஏதோ மறைக்கிறார் என்பது டீச்சரின் தீர்ப்பு. ஜெராக்ஸ் கடை வைத்தவருக்குக் காப்பி ஒரு பெரிய காரியமா?

உறவு என்று தெரிந்த அந்த நிமிஷமே கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். சட்டம் அதுதான்; வேறு யாராவது அப்படித் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் டீச்சர் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். ஆனால் கட்டைக் கொடுத்துவிட்டால் வேறு யாரோ ஒருவர் ஏனோதானோவென்று திருத்தி, ஆளைத் தப்ப விட்டுவிடுவார். முதலில் கையும் களவுமாகப் பிடிப்போம், உறவை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். டயர்க் கடைக்கு மேலே மாடி. படிக்கட்டு முழுக்க ரப்பர் வாசனை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், வேகத்தைக் கூட்டினால் சத்தம் மட்டும் கூடும் ஒரு மின்விசிறி, சுவரில் கரும்பலகை. எழுத்துத் தேர்வை முடித்தவர்கள் அடுத்து நேர்முகத் தேர்வுக்காகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணி!" என்றார் கொழுந்தனார். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. "வாங்க, வாங்க. அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவர் நல்லாத்தான் இருக்காரு. சும்மா வந்தேன் தம்பி."

அண்ணி வாயிலிருந்து 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டதும் கொழுந்தனார் பலகையை அவசர அவசரமாகத் துடைத்தார். டீச்சர் அதைக் கவனித்துக்கொண்டார். வந்ததும் வராததுமாக ஒரு ஆதாரம்.

கடைசி வரிசையில் ஒரு பெண் தன் பையை எடுத்து இடம் கொடுத்தார். எல்லோரும் அவரை வார்டு அக்கா என்றார்கள்.

"உட்காருங்க டீச்சர். நீங்க சாரோட அண்ணியா? சார் தங்கமானவரு."

"அப்படியா?" என்றார் டீச்சர், தங்கத்தை உரசிப் பார்க்கும் குரலில். "எதுக்கு இந்த வயசுல படிக்கிறீங்க?"

"ஆசைக்கா படிக்கிறேன்? ஆளுங்களைத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு டீச்சர். இனிமே தூக்கினா பக்கத்து பெட்ல நானும் படுத்துக்க வேண்டியதுதான்னு டாக்டரே சொல்லிட்டாரு. பாஸானா வார்டு மேஜையில உட்காரலாம். இல்லன்னா இந்த வருஷத்தோட வேலையை விட்டுடணும்."

"இந்தத் தடவை இல்லன்னா அடுத்த தடவை எழுதலாமே."

"அதுவரைக்கும் முதுகு இருக்கணுமே டீச்சர்" என்று சிரித்தார் வார்டு அக்கா. அந்தச் சிரிப்பில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று டீச்சர் தேடினார். ஒரு பல் இல்லை, அவ்வளவுதான்.

கொழுந்தனார் பலகையில் எழுத ஆரம்பித்தார். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, யாருடைய மேற்பார்வை என்று நேர்முகத்தில் சொல்ல வேண்டிய வாக்கியங்கள். டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கையையே பார்த்தார்.

கை எங்கும் நிற்காமல் ஒரு வரியை முழுக்க மொட்டையாக எழுதிக்கொண்டே போனது. ஐ எழுத்துக்குத் தலையில் புள்ளி இல்லை. டி எழுத்துக்குக் குறுக்குக் கோடு இல்லை. வரி முடிந்ததும் கொழுந்தனார் இரண்டடி பின்னால் நகர்ந்து, எழுதியதை ரசித்துவிட்டு, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்தார். டக், டக், டக். ஐயின் தலையில் ஒன்று. அடுத்த ஐயின் தலையில் ஒன்று. எஸ்ஸின் தலையில் ஒன்று.

வகுப்பு முழுவதும் அதேபோல எழுதியது. முதலில் பேனாக்கள் ஊர்ந்தன. பிறகு தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலச் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

டீச்சர் தன்னையறியாமல் மடியில் விரலால் ஒரு சொல்லை எழுதிப் பார்த்தார். இந்தக் கை யாருக்குத்தான் தெரியாது? 'சத்தம்' என்று எழுதும்போது புள்ளிக்காகப் பேனாவை நடுவழியில் நிறுத்துகிறவர்கள் உண்டா? எழுத்தையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து தலையில் புள்ளி வைப்போம். டீச்சரே கடிதம் எழுதினால் அப்படித்தான். தமிழ்க் கை இங்கிலீஷ் எழுதியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

"தம்பி," என்றார் மெதுவாக, "அந்த எஸ் மேல வைக்கிறீங்களே..."

"மேல்கமாவா அண்ணி? எஸ் மொட்டையா வந்தா நிறையப் பேருன்னு அர்த்தம். புள்ளி வெச்சுட்டா சொந்தம். சுருக்கமாச் சொல்லிக் குடுத்துட்டேன், டக்குனு பிடிச்சுக்கிட்டாங்க."

"ஒருத்தருக்குச் சொந்தம், பல பேருக்குச் சொந்தம்?"

"சொந்தம்னா சொந்தம்தானே அண்ணி. அதுல எதுக்குத் தலை எண்ணிக்கிட்டு?" அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் மங்கியது. "ஏன், ஏதாவது தப்பா?"

டீச்சர் வாயைத் திறந்தார். இங்கே இப்போது திருத்திவிட்டால் நாளைக்கே எல்லோரும் சரியாக எழுதுவார்கள். பிறகு இந்தப் பழக்கம் இருந்தது என்று யாருக்கு எதைக் காட்டி நிரூபிப்பது?

"இல்ல தம்பி. நீங்க நடத்துங்க."

பலகையில் ஒரு தவறு கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்க, அதைத் தொடாமல் டீச்சர் ஒரு வகுப்பறையை விட்டு வெளியே வந்தது அதுவே முதல் முறை. படி இறங்கும்போது கை அரித்தது.

வெளியே வந்ததும் அவருக்கு நிம்மதியைவிட ஏமாற்றமே அதிகமாக இருந்தது. சதிகாரரைத் தேடிப் போனவருக்கு ஒரு அப்பாவி கிடைத்திருக்கிறார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட டீச்சர், கொழுந்தனார் ஒரு பித்தலாட்டக்காரர் என்பதை மட்டும் இத்தனை வருஷமாகச் சந்தேகமே படாமல் நம்பியிருந்தார். வாழ்க்கையில் நம்பிய ஒரே விஷயம். அதுவும் பொய்யாகிவிட்டது.

அடுத்த நாள் காலையில் தலைமைத் திருத்துநருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஆரம்பித்தார்.

"அந்த கிளாஸ் சார் உங்க கொழுந்தனார்."

"ஆமா சார்."

"தெரிஞ்ச உடனே கட்டைத் திருப்பிக் குடுக்கல."

"இல்ல."

"நேரா அங்க போயிருக்கீங்க."

"போனேன்."

"போயிட்டு வந்து, காப்பி இல்ல, கைப்பழக்கம்னு சொல்றீங்க. எனக்கு எப்படித் தெரியுது சொல்லட்டுமா? முதல்ல யாருன்னு தெரியாம மாட்டி விட்டீங்க. வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு ஆளுன்னு தெரிஞ்சுது. இப்போ காப்பாத்தப் பார்க்கிறீங்க. என் இடத்துல நீங்க இருந்தா இதை நம்புவீங்களா?"

டீச்சர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"சத்தியமா நம்ப மாட்டேன் சார்."

தலைமைத் திருத்துநர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. "அப்போ நான் என்ன பண்ணணும்?"

"என்னை நம்பாதீங்க. அவங்களைக் கூப்பிட்டு உங்க கண் முன்னாடி எழுத வெச்சுப் பாருங்க. என்ன எழுதுறாங்கன்னு பார்க்காதீங்க; எப்படி எழுதுறாங்கன்னு பாருங்க."

"நீங்க முன்னாடியே போய், இப்படி எழுதுங்கன்னு சொல்லிக் குடுத்திருந்தா?"

"அதையும் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு வழி நீங்கதான் யோசிக்கணும். நான் யோசிச்சுச் சொன்னா அதுவும் சந்தேகம்தானே?"

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் விளையாட்டுக்கூடத்துக்கு வந்தார்கள். சிலர் ஆஸ்பத்திரிச் சீருடையோடே ஓடி வந்திருந்தார்கள். எதற்கு என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. டீச்சரைத் தலைமைத் திருத்துநர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். கண்ஜாடை காட்டிவிடுவாராம். தண்டனை பெற்ற பிள்ளைபோலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும், இது நல்ல ஏற்பாடுதான் என்று டீச்சருக்குப் பட்டது. முதுகுக்குப் பின்னால் வார்டு அக்காவின் இருமல் கேட்டது. இந்த ஒரு மணி நேரம் சரியாகப் போகாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போகிறது. போக வைத்தது தன் வாய்.

தலைமைத் திருத்துநர் ஒரு நீளமான இங்கிலீஷ் பத்தியை வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸின் அறை, டாக்டர்களின் கார், நோயாளியின் போர்வை. பேனாக்கள் மூச்சிரைக்க ஓடின. வாக்கியத்தின் நடுவில், யாரும் எதிர்பாராத இடத்தில் சட்டென்று நிறுத்தி, "பேனாவைக் கீழே வைங்க! யாரும் தொடக்கூடாது!" என்றார்.

பேனாக்கள் மேஜையில் விழுந்தன. பிறகு வார்டு அக்காவின் குரல் அழாக்குறையாக எழுந்தது.

"சார்! சார்! நான் இன்னும் புள்ளியே வைக்கல சார்!"

"நானும் வைக்கல சார்."

"மொட்டையா இருக்கு சார், ஒரே ஒரு நிமிஷம் குடுங்க."

"இப்படி வாங்கிட்டா எப்படி சார்? புள்ளி கடைசியிலதானே!"

கூடம் முழுக்கக் கூச்சல். டீச்சர் சுவரைப் பார்த்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். தலைமைத் திருத்துநரின் செருப்பு மேஜை மேஜையாக நின்று நின்று நகர்வது கேட்டது. ஐக்கும் புள்ளி இல்லை, எஸ்ஸுக்கும் இல்லை. வரிவரியாக மொட்டை எழுத்துகள். இப்படி நடுவில் பிடுங்குவார் என்று யாராலும் யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

"சரி," என்றார் அவர் கடைசியில். "வைங்க."

தூறல் விழுந்தது.

எல்லோரையும் அனுப்பிவிட்டு டீச்சரின் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். "காப்பி இல்ல. அந்தக் கேள்விக்கு மட்டும் பூஜ்யம். மத்ததுக்கு வாங்கினதை வாங்கட்டும். தடை கிடையாது. கட்டு வேற ஆளுக்குப் போகுது."

"சரிங்க சார்."

"நீங்க இனிமே திருத்த வர வேண்டாம் டீச்சர்."

"இந்த வருஷமா?"

"எந்த வருஷமும். உங்க வார்த்தையை வெச்சு நான் கையெழுத்துப் போடணும். இனிமே ஒவ்வொரு தடவையும் உங்களைச் சுவரைப் பார்த்து உட்காரவைக்க முடியாது."

அவர் சொன்னதில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று டீச்சர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு வந்தார். மனசு வலித்தது உண்மை. இந்தத் துறையில் ஒரு ஆளாவது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரே என்று திருப்தியாக இருந்ததும் உண்மை.

முடிவு வந்தபோது வார்டு அக்கா மயிரிழையில் தேறியிருந்தார். நேர்முகத்தையும் தாண்டி, இப்போது வார்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இருவர் மட்டும் அந்த ஒரு கேள்வியால் தவறினார்கள். தடை இல்லாததால் மறுபடி எழுத விண்ணப்பித்திருந்தார்கள். அந்த இருவருக்காகக் கொழுந்தனார் வீடு தேடி வந்தார்.

"அண்ணி, எதுல போச்சுன்னே புரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"அந்தப் புள்ளியிலதான் தம்பி. தலைமேல வைக்கக் கூடாது. ஒருத்தருக்குச் சொந்தம்னா எஸ்ஸுக்கு முன்னாடி. பல பேருக்குன்னா பின்னாடி."

கொழுந்தனார் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பே இல்லை.

"அன்னிக்குக் கேட்டேனே, தப்பில்லன்னீங்களே?"

"அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"அப்போ இன்னிக்குச் சொல்றது?"

உள்ளே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கணவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "மாட்டினியா!" என்று குரல் கொடுத்தார்.

"என்னை நம்ப வேண்டாம் தம்பி," என்றார் டீச்சர். "வெளியில நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுச் சொல்லிக் குடுங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார் கொழுந்தனார். அவர் உண்மையிலேயே நாலு இடத்தில் விசாரித்தார் என்பது பிறகு தெரியவந்தது. எல்லோரும் டீச்சர் சொன்னதையே சொன்ன பிறகும், அவர் ஐந்தாவதாக ஒருவரையும் கேட்டிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் டீச்சர் கொழுந்தனாரைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகப் பேச ஆரம்பித்தார்.